பதினெட்டாம் நோட்டு

அந்தப் பையைத் தொடாதம்மா. மேல வைக்கவும் வேண்டாம், சீட்டுக்கு அடியில தள்ளவும் வேண்டாம், என் மடியிலயே இருக்கட்டும். கனம்தான், அதுக்கென்ன. உன்னைச் சொல்லலை. உன் முகத்தைப் பாத்தா நல்ல பிள்ளையாத்தான் தெரியுது. ஆனா நல்ல பிள்ளையாத் தெரியுதவங்களைத்தான் நான் முதல்ல சந்தேகப்படுவேன். அனுபவம் அப்படி.

எங்க இறங்குதே? பாளையங்கோட்டையா? நானும் அங்கதான். நீ சன்னல் பக்கம் தள்ளி உக்காரு, எனக்கு வெயில் ஆகாது. கட்டைவிரல் நகத்தை இப்படி வளத்து வச்சிருக்கியே, பீடி சுத்துதியா? நினைச்சேன். முனை மடக்குத நகம், பாத்தாலே தெரிஞ்சிரும். நெத்தியில பொட்டு இருக்கு, அப்போ நீங்க எங்களை மாதிரி வேதக்காரங்க, கிறிஸ்தவங்க இல்லை. அதுவும் நல்லதாப் போச்சு. எங்க ஆளுக கிட்ட இதைச் சொன்னா, பஸ்ஸு மூலைக்கரைப்பட்டி தாண்டுததுக்குள்ள அவ காதுக்குப் போயிரும்.

யாரு காதுக்கா? எங்க ஓரகத்தி காதுக்கு. என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. லில்லி புஷ்பம்னு பேரு. அவளும் நானும் பேசி ஒம்பது வருசம் ஆச்சு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு தெருதான். அவ சட்டி கழுவுத சத்தம் எனக்குக் கேக்கும், நான் தும்முனா அவளுக்குக் கேக்கும். ஆனா பேச்சு கிடையாது. கோயில்ல அப்பமும் ரசமும் வாங்குத திருவிருந்துக்கு முழங்கால் போடும்போது அவ இடது பக்கம் போனா நான் வலது பக்கம் போயிருவேன். நாலு வருசத்துக்கு முன்னால கொழுந்தன் இறந்தாரு. அதுக்குப் போனேன், ஊரு பேசக்கூடாது பாரு. அவ முகத்தைப் பாக்காமலே திரும்பி வந்துட்டேன்.

இப்போ பேராயர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போறேன். அவ மேலயும், எங்க ஐயர் மேலயும். பூணூல் போட்ட ஐயர் இல்லம்மா, எங்க கோயில் போதகரை நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம். இன்னிக்கே கொடுத்தாகணும். ஏன்னா நாளைக்குக் காலையில அவ மக கூட சூரத்துக்கு ரயில் ஏறுதா. ஒரேயடியாப் போறா. வீட்டை யாருக்கோ வாடகைக்கு விட்டாச்சு. போயிட்டான்னா பிறகு யாரைப் பிடிச்சு நான் நியாயம் கேக்க? அவ ரயில் ஏறுததுக்குள்ள பேராயர் கூப்பிட்டு விசாரிக்கணும். அதுக்குத்தான் இந்தப் பையி. உள்ள இருக்கது எல்லாம் சாட்சி.

முதல்ல இருந்து சொல்லுதேன். நீயே கேட்டுட்டுச் சொல்லு.

போன ஜனவரியில எங்க எபனேசர்புரத்துக்குப் புது ஐயர் வந்தாரு. சின்ன வயசு, முப்பத்தஞ்சு இருக்கும். வந்த முதல் ஞாயித்துக்கிழமையே பிரசங்கத்துல ஒரு போடு போட்டாரு. ‘உங்க சோத்தை நான் மென்னு உங்க வாயில போட முடியாது. நான் வாரத்துக்கு ஒரு மணி நேரம் சொல்லுததை வச்சுக்கிட்டு ஏழு நாளை ஓட்டாதீங்க. அவங்கவங்க வேதத்தை அவங்கவங்கதான் திறக்கணும். ஆழமாத் தோண்டணும். நான் சொல்லுதது சரியான்னு கூட நீங்களே பாத்துத்தான் ஏத்துக்கிடணும்’னாரு.

இதை எனக்குச் சொல்லவே வேண்டாம். நான் அந்த ஊழியத்தை முப்பது வருசமாச் செஞ்சிக்கிட்டு இருக்கேன். பிரசங்கத்துக்கு பென்சிலோடதான் உக்காருவேன். முந்தி இருந்த ஐயர் ஒருநாள் யோனா மீன் வயித்துல நாலு நாள் இருந்தாருன்னு சொல்லிட்டாரு. மூணு நாள்தான். ஆராதனை முடிஞ்சு வாசல்ல கைகொடுக்க நின்னாரு பாரு, அங்கயே பிடிச்சிட்டேன். பாவம், வேர்த்துப் போச்சு அவருக்கு. அதுக்குப் பிறகு என்னைக் கண்டாலே அந்தப் பக்கம் வாசல் வழியாப் போயிருவாரு. வேதத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாது.

சரி, விசயத்துக்கு வாரேன். இந்தப் புது ஐயர் ஒரு திட்டம் சொன்னாரு. விருப்பம் இருக்கவங்க முழு வேதாகமத்தையும் கையால எழுதணும். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, ஒரு வசனம் விடாம. வாசிச்சா ஓடிருவோமாம், எழுதுனா நின்னு நின்னு போவோமாம். வருசக் கடைசியில அறுப்பின் பண்டிகை வரும். அன்னிக்கு எழுதின நோட்டுகளைக் காணிக்கையா பலிபீடத்துல வைக்கணும். முடிச்சவங்களுக்குப் பொன்னாடை. பதினோரு பேர் பேரு கொடுத்தோம். முதல் பேரு என் பேரு, எப்சிபாய் செல்லத்துரைன்னு. கடைசிப் பேரு யாருன்னு நினைக்கே? லில்லி புஷ்பம். அஞ்சாம் வகுப்பு படிச்சவ. அவ எழுதப் போறாளாம்!

அப்பவே எனக்குப் பொறி தட்டிச்சு. இது வேத ஆசை இல்லை, எனக்குப் போட்டி.

நான் புது வேதம் ஒண்ணு வாங்கினேன். பழசுல எழுத்துப் பொடி. இதோ பாரு, கையை வைக்காதே, பாரு. தோல் அட்டை, ஜிப்பு, தாள் ஓரம் பூரா பொன் முலாம். புதுசுல தாளுக ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரும், எச்சில் தொட்டுத் தொட்டுத்தான் திருப்புவேன். காலையில காப்பியைக் குடிச்சிட்டு சன்னல் பக்கம் உக்காந்தேன்னா பதினோரு மணி வரைக்கும் எழுதுவேன். பிறகு சாயங்காலம் ரெண்டு மணி நேரம். கை அது பாட்டுக்கு எழுதிக்கிட்டு இருக்கும், கண்ணு தெருவுல இருக்கும். சன்னல்ல இருந்து பாத்தா அவ வீட்டு வாசல் நேராத் தெரியும்லா. அவ அங்க முருங்கை மரத்தடியில ஸ்டூலைப் போட்டு நோட்டை வச்சிருப்பா. எழுதவே மாட்டா! ரெண்டு வரி எழுதிட்டுப் பேனாவை வச்சிருவா. அண்ணாந்து மரத்தைப் பாப்பா. அரை மணி நேரம் ஆனாலும் அப்படியே இருப்பா. அதுக்குள்ள நான் ரெண்டு அதிகாரம் முடிச்சிருவேன். சில நாளு அழுவா. எழுத்து வராம அழுதான்னு நினைச்சேன். பிறகுதான் யோசிச்சேன், நான் சன்னல்ல இருந்து பாக்கேன்னு தெரிஞ்சுதான் அழுது காட்டுதா.

இப்படி ஒருத்தி மேல இவ்வளவு சந்தேகமான்னு நீ நினைக்கே. நினைக்கேல்லா? முகத்துலயே தெரியுது. காரணம் இருக்கும்மா.

எங்க மாமியாருக்கு ஒரு பழைய வேதம் இருந்தது. அட்டை பிஞ்சு, கோணி ஊசியால தைச்சது. எங்க பக்கத்துல ஒரு வழக்கம், வீட்டுல ஒரு பிள்ளை பிறந்தா வேதத்தோட முதல் வெள்ளைத் தாள்ல பேரு, பிறந்த தேதி, ஞானஸ்நானம் எல்லாம் எழுதி வைப்பாவ. செத்தாலும் அதுலதான் எழுதுவாவ. எனக்கு முதல்ல பிறந்தது ஆண் பிள்ளை. எட்வின்னு பேரு. நாப்பத்தோரு நாள் இருந்தான். மஞ்சக்காமாலை. பிறகு ரெண்டு பிறந்து நல்லா இருக்காவ, அது வேற. அவனுக்குப் போட்டோ கிடையாது, துணி கூட ஒண்ணும் மிஞ்சலை. அந்தத் தாள்ல மாமியார் கையால எழுதின ஒத்தை வரிதான் அவன் இருந்தாங்கிறதுக்கு அடையாளம்.

அந்த வேதம் மூத்த மருமகளுக்குத்தானே வரணும்? நீயே சொல்லு. மாமியார் கடைசியில எட்டு மாசம் படுக்கையில கிடந்தா. அவளுக்குக் கண்ணு தெரியாது. லில்லி புஷ்பம் தினமும் சாயங்காலம் போய் எழுத்துக் கூட்டிக் கூட்டி வேதம் வாசிச்சுக் காட்டுவா. அவ வாசிக்கது கேக்கச் சகிக்காது. எனக்கு அப்போ வீட்டுவேலை, பிள்ளைகளுக்குப் பரீட்சை, போக முடியலை. அடக்கம் முடிஞ்சு மூணாம் நாள் பாக்கேன், வேதம் அவ வீட்டு அலமாரியில இருக்கு. ‘அத்தைதான் எனக்குத் தந்தாவ’ங்கா. சாகப்போறவளுக்கு வாசிச்சு வாசிச்சே வாங்கிட்டா பாத்தியா?

கேட்டேனான்னா? நான் ஏன் கேக்கணும்? அவளாக் கொண்டுவந்து தரணும். எட்வின் பேரு அதுல இருக்குன்னு அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சும் ஒம்பது வருசமா வச்சிருக்கா. அன்னியோட நான் பேச்சை நிப்பாட்டினேன். ஏன் நிப்பாட்டினேன்னு அவளுக்குச் சொல்லவும் இல்லை. தப்பு செஞ்சவளுக்குத் தெரியாதா தன் தப்பு?

கண்டக்டர்! எனக்குச் சில்லறை தரணும், மறந்திராதீங்க. இவன் மறந்த மாதிரி நடிச்சிருவான்.

எங்க விட்டேன்? ஆமா, பதினோரு பேர்ல ஒம்பது பேர் மூணாவது புஸ்தகம் லேவியராகமத்துலயே காலி. மிஞ்சினது நானும் அவளும். பண்டிகைக்கு மூணு வாரம் இருக்கும்போது நான் முடிச்சிட்டேன். நீள நோட்டு இருபத்திமூணு! ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல் வரைக்கும், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. ஐயர் சொன்னாரு, ‘ரொம்ப சந்தோசம்மா. பண்டிகைக்கு முன்னால நீங்க எழுதினதை அவங்களும், அவங்க எழுதினதை நீங்களும் வாசிச்சுப் பாத்திருங்க’ன்னு. அவருக்கு எங்க சண்டை தெரியாதாம். தெரியாமயா இருக்கும்? ஐயருக்கு உதவியா இருக்க உபதேசியாரோட பொண்டாட்டி ஒருத்தி போதும், ஊர்க்கதை பூரா அவர் காதுக்குப் போயிரும். வேணும்னேதான் மாத்திக் கொடுத்தாரு.

என் இருபத்திமூணு நோட்டும் அவ வீட்டுக்குப் போச்சு. அவ வீட்டுல இருந்து எனக்கு எத்தனை வந்தது தெரியுமா? மூணு. பத்து மாசத்துக்கு மூணே மூணு! ஆதியாகமமே இல்லை. புதிய ஏற்பாட்டு மத்தேயுல ஆரம்பிச்சிருக்கா, அதையே முடிக்கலை. நான் ஒரே நாள்ல பாத்துட்டேன். புத்தகத்தைத் திறந்து ஒத்துப் பாக்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. கொம்பு, கால், புள்ளி மட்டும் பாத்தேன். நூத்திப்பதினேழு பிழை. வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

அதுல ஒண்ணு கண்டுபிடிச்சேன். ஓரத்துல பென்சிலால என்னென்னமோ கிறுக்கி வச்சிருக்கா. ‘இவர் எதுக்கு இப்படிச் சொன்னார்?’ ‘இது யாருக்கு?’ ‘ஐயரிடம் கேட்கணும்.’ ஒரு இடத்துல, ‘ஐயர் சொன்னது எனக்குச் சரியாப் படலை, மறுபடி வாசிக்கணும்.’ வேதத்துக்கே கேள்வி! அஞ்சாம் அதிகாரம் நடுவுல ஒரு இடத்துல, பெரிய எழுத்துல, ‘நான் இதைச் செய்யலை’ன்னு எழுதி அடியில ரெண்டு கோடு. அதுக்குப் பிறகு நாலு பக்கம் வெறுந்தாள். பாத்தியா? வாக்குமூலம்! நான் எழுதலைன்னு அவளே ஒத்துக்கிட்டா. மீதியை மக வந்தப்போ எழுதிக் கொடுத்திருப்பான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

பண்டிகை போன ஞாயித்துக்கிழமை. காணிக்கை நேரம். வாழைத்தார், பூசணிக்காய், சேவல், எல்லாம் வரிசையாப் போகுது. என் நோட்டுகளைத் தூக்க ரெண்டு ஆளு. பலிபீடத்துல அடுக்கி வச்சோம், பாக்கக் கண்ணுக்கு நிறைவா இருந்தது. நான் வந்து என் பெஞ்சுல உக்காந்தேன். பின்னாலயே அவ அந்த மூணு நோட்டைத் தூக்கிக்கிட்டுப் போறா. பலிபீடத்துப் படி வரைக்கும் போனா. மேல ஏறலை. நின்னா. என்னமோ நினைச்சவ மாதிரி நோட்டை அந்தப் படியிலயே வச்சிட்டுத் திரும்பினா. திரும்பி நேரா என் பெஞ்சைப் பாத்து வாரா!

பாடகர் குழு பாடிக்கிட்டு இருக்கு, ஊரே பாக்குது, இவ என்னை நோக்கி வாரா. சபைக்கு நடுவுல சண்டைக்குத்தான் வாரான்னு தெரிஞ்சு போச்சு. நான் எழுந்திரிச்சு பின்வாசல் வழியா வெளிய வந்துட்டேன். ‘அக்கா, அக்கா’ன்னு வேப்பமரம் வரைக்கும் வந்தா. நான் திரும்பியே பாக்கலை. என் பொன்னாடையை மேடையில வாங்க முடியாமப் பண்ணிட்டா பாரு. பிறகு ஐயர் அதை ஒரு கவர்ல போட்டு உபதேசியார்கிட்ட கொடுத்துவிட்டாரு. பத்து மாசம் எழுதினவளுக்குக் கவர்ல பொன்னாடை!

இப்போதான் முக்கியமான இடம். மறுநாள் திங்கக்கிழமை நோட்டெல்லாம் வீட்டுக்கு வந்தது. பிள்ளைகளுக்குப் போன்ல படம் எடுத்து அனுப்ப ஒவ்வொண்ணா விரிச்சிக்கிட்டு இருக்கேன். பதினெட்டாம் நோட்டுல இருந்து ரெண்டு தாள் விழுது. முன்னும் பின்னும் எழுதின தாள். யாரு எழுத்து? லில்லி புஷ்பத்தோட எழுத்து! கோணல் எழுத்து, நான்தான் நூத்திப்பதினேழு வட்டம் போட்டேனே, எனக்குத் தெரியாதா? என் நோட்டுக்குள்ள அவ கையெழுத்துல வேத வசனம். எதுக்கு வச்சிருப்பா? நாளைக்கு யாராவது கேட்டா, ‘எப்சிபாய்க்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன்’னு சொல்லுததுக்கு! என்னைக் கள்ளி ஆக்குததுக்கு!

தாளைத் தூக்கிக்கிட்டு ஐயர் வீட்டுக்கு ஓடினேன். அவர் வாங்கிப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. ‘அம்மா, இதை வாசிச்சீங்களா?’ன்னாரு. ‘வாசிக்க என்ன ஐயரே இருக்கு? மத்தேயுல வருத மலைப்பிரசங்கம்தானே. எனக்கு மனப்பாடம்’னேன். ‘இந்த இடத்தை உங்க வேதத்துல திறந்து பாத்தீங்களா?’ன்னாரு. ‘நீங்களே திறந்து காட்டுங்க’ன்னேன். அதுக்கு அவர் என்ன சொன்னாருன்னு நினைக்கே? ‘நான் காட்டமாட்டேம்மா. உங்க வேதத்தை நீங்கதான் திறக்கணும்’னு சொல்லிட்டுக் கதவுகிட்ட வந்து நின்னுக்கிட்டாரு. போன்னு அர்த்தம். அப்பவே விளங்கிப் போச்சு, ரெண்டு பேரும் கூட்டு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவ வந்தா. எங்க கேட்டுல. நல்ல வெயில். கக்கத்துல ஒரு துண்டுல என்னமோ சுத்தி வச்சிருக்கா. ‘அக்கா, ஒரு நிமிசம் கதவைத் திறங்க’ன்னு கூப்பிட்டா. நான் திரைக்குப் பின்னால இருந்து என் வீட்டுக்காரரை விட்டு, ‘வீட்டுல இல்லை’ன்னு சொல்லச் சொன்னேன். அவுகளுக்குப் பொய் சொல்ல வராது, ‘இல்லைன்னு சொல்லச் சொல்லுதா’ன்னு சொல்லிட்டாவ. அதுக்கும் அவ போகலை. அரை மணி நேரம் நின்னா. கடிகாரத்தைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு, அந்தப் பொட்டணத்தை மார்போட அணைச்சுக்கிட்டு நின்னா. நான் அசையலை. துண்டுக்குள்ள என்ன மாய்மாலத்தை வச்சிருந்தாளோ.

அதான் மனு எழுதிட்டேன். நாலு பக்கம். இப்போ நீ சொல்லு, நான் செய்யுதது நியாயமா இல்லையா?

தாளைக் காட்டவா? காட்டுதேன், நீயும் ஒரு சாட்சி ஆச்சு. இரு, ஜிப்பைத் திறக்கேன். இதுதான் பதினெட்டாம் நோட்டு. இது என் எழுத்து, அச்சடிச்ச மாதிரி இல்ல? இது அவ தாளு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு, மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

என்னது? வசன நம்பரா?

எங்க? இந்தப் பக்கமா? பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது… இருபத்தாறு. ஆமா. பத்தொன்பதுக்கு அடுத்தது இருபத்தாறு போட்டிருக்கேன். அப்படி இருக்காதே. சில இடத்துல வசனம் அப்படித்தான் வரும்மா, உனக்குத் தெரியாது. இல்லை, வராது. அவ அழிச்சிருப்பாளோ? என் மையிதான், என் எழுத்துதான். இரு, புத்தகத்துலயே காட்டுதேன். அச்சுல எப்படி இருக்கோ அப்படித்தான் எழுதியிருப்பேன். மத்தேயு… அஞ்சு… இந்தா பாரு, பக்கத்து அடியில பத்தொன்பது முடியுது. திருப்பு. மேல இருபத்தாறு. பாத்தியா? ஆகாயத்துப் பறவையைப் பத்தி. அச்சுலயே அப்படித்தான். நான் தப்பு பண்ணலை. அச்சாபீசுக்காரன் பண்ணின தப்பு!

தாள் கனமா இருக்கா? எந்தத் தாளு?

வேண்டாம்மா, நகத்தை வைக்காதே, கிழிஞ்சிரும்! பொன் ஓரம்! மெதுவா, மெதுவா…

விட்டுருச்சு.

ரெண்டு தாளு. ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. உன் நகத்துல பொன்னு ஒட்டியிருக்கு பாரு. உள்ள ரெண்டு பக்கம். ஒரு விரல் படலை இதுல. இருபதாம் வசனத்துல இருந்து… ஆறாம் அதிகாரமே இங்கதான் தொடங்குது. ஐயோ. பரமண்டல ஜெபம் இதுலதான் இருக்கு. காலையில ஒரு தரம், சாப்பிடும்போது ஒரு தரம், படுக்கும்போது ஒரு தரம் அதைச் சொல்லுதவ நான். அதை எழுதாமயே முழு வேதமும் எழுதி முடிச்சிருக்கேன். முழு வேதம்னு அட்டையில போட்டு பலிபீடத்துல வச்சேன்.

பத்தொன்பதுல இருந்து இருபத்தாறுக்குத் தாவிருக்கேன், கை நிக்கவே இல்லையே. மலைப்பிரசங்கத்துக்கு நடுவுல பொசுக்குன்னு பறவை வருதே, ஏன்னு ஒரு தரம் கேக்கலையே நான். தெருவைப் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்.

அவ பாத்திருக்கா. இருபத்திமூணு நோட்டையும் வாசிச்சிருக்கா. எழுத்துக் கூட்டி வாசிக்கவ, மூணு வாரத்துல. பிழைன்னு வட்டம் போடலை. ஐயர்கிட்டச் சொல்லலை. விட்டுப்போன ரெண்டு பக்கத்தையும் அவளே எழுதி அந்த இடத்துல வச்சிருக்கா. பண்டிகையில என் நோட்டு குறையா இருக்கக்கூடாதுன்னு.

அப்படியும் இருக்காது. அதுல ஏதோ சூது இருக்கும். இருக்கணும்லா? அவ தாளைக் கொடு. என்ன எழுதியிருக்கான்னு நானே பாக்கேன். கண்ணாடி போட்டுக்கிடுதேன். என்ன கேக்கே, சத்தமா வாசிக்கவா? உனக்கு எங்க வேதத் தமிழ் விளங்காது. விளங்குத மாதிரிச் சொல்லுதேன். இருபத்திமூணாம் வசனம். நீ காணிக்கையைப் பலிபீடத்துக்குக் கொண்டு வரும்போது, உன் சகோதரனுக்கு உன்மேல ஒரு மனக்குறை உண்டுன்னு அந்த இடத்துல உனக்கு நினைப்பு வந்தா… காணிக்கையை அங்கனயே, பலிபீடத்துக்கு முன்னாலயே விட்டுட்டு… முதல்ல போயி… அவன்கூட சமாதானம்…

இரு. இரு.

படியில வச்சா. மூணு நோட்டையும் படியிலயே வச்சிட்டுத் திரும்பினா.

என்ன கேட்டே? யாருக்கு யார் மேல குறைன்னா? எனக்குத்தான் அவ மேல. அவளுக்கு என் மேல ஒண்ணும் கிடையாது. அவதான் அதை நினைச்சிருக்கா. ‘அக்காவுக்கு என்மேல ஏதோ குறை இருக்கு’ன்னு. என்ன குறைன்னு நான் சொல்லவே இல்லையே அவகிட்ட. ஒம்பது வருசம். ‘நான் இதைச் செய்யலை’ன்னு எழுதியிருந்தா பாரு, நான் வாக்குமூலம்னு சொன்னேன்லா… அது இந்த வசனத்துக்கு நேராத்தான் எழுதியிருந்தா. பிறகு நாலு பக்கம் எழுத ஓடலை அவளுக்கு. நான் அதைச் சன்னல்ல இருந்து பாத்திருக்கேன். பேனாவை வச்சிட்டு மரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா. பல தரம் என் வீட்டையும் பாத்துக்கிட்டு இருந்தா.

அந்தத் துண்டு…

இல்லம்மா, ஒண்ணும் இல்லை. தண்ணி வேண்டாம். அந்தத் துண்டு நீலக்கரை போட்டது, எங்க மாமியார் துண்டு. அதுக்குள்ள இருந்தது இவ்வளவு நீளம் இருக்கும், இவ்வளவு கனம், எட்வின் பேரு இருக்க மாமியார் வேதம்தான் அது. மார்போட அணைச்சு வச்சிருந்தா. கைக்குழந்தையை வச்சிருக்க மாதிரி வச்சிருந்தா. சூரத்துக்குப் போறவ போறதுக்கு முன்னால என் பிள்ளையைக் கொண்டுவந்து தரலாம்னு… நான் திரைக்குப் பின்னால நின்னு கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேனே. என் பிள்ளை வெயில்ல நின்னுருக்கானே!

கண்டக்டர்! ஏய், நிப்பாட்டுங்க! ஸ்டாப்பு இல்லாட்டா என்ன, வயசான பொம்பளை கேக்கேன், நிப்பாட்டுங்க. எபனேசர்புரம் போற பஸ்ஸு எதிர்ல எத்தனை மணிக்கு வரும்? பன்னெண்டே காலா? வராட்டா ஆட்டோ பிடிச்சுக்கிடுதேன். சில்லறை கிடக்கட்டும்.

நகரும்மா. இல்லை, பையி வேண்டாம். இதைத் தூக்கிக்கிட்டு என்னால ஓட முடியாது. நீ வச்சிரு. நோட்டு, வேதம், எல்லாம் இருக்கட்டும், பிறகு வந்து வாங்கிக்கிடுதேன். இந்தத் தாளை மட்டும் எடுத்துக்கிடுதேன். மனு அடியில கிடக்கும், அதை அடுப்புல போட்டுரு. உங்க ஊரு, தெரு, எதுவும் எனக்குத் தெரியாதுதான். உன் பேரு கூடக் கேக்கலை. பரவாயில்லை, நீ வச்சிரு. முதல்ல நான் அங்க போகணும்.

அவ கதவைத் திறக்காட்டாவா? நியாயமாப் பாத்தா திறக்கக் கூடாது. திறக்காட்டா கேட்டுல நிக்கேன். செவ்வாய்க்கிழமை அவ நின்ன அளவுக்காவது நிக்கணும்லா.